படங்களின் ஆல்ட் உரையிலும் ‘பத்தமடை பாய்’ என்றே எழுத வேண்டுமா?

பாய்க்கடை:

வணக்கம். என் பெரியம்மா பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறவர். அவரும் தெருவில் நெய்கிற இன்னும் சில பெண்களும் தரும் பாய்களை இணையத்தில் விற்கிறேன். விலைப்பட்டியல் மட்டும் இருந்தால் யாரும் வருவதில்லை என்பதால் கட்டுரைகளும் எழுதுகிறேன். கோரை எப்படிப் பதப்படுகிறது, பாயை எப்படிப் பாதுகாப்பது என்பது போன்றவை. கடைசியாக எழுதியதற்கு ‘கோரை சொன்ன கதை’ என்று தலைப்பு வைத்தேன்.

தளத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஒருவரை அமர்த்தினேன். முதல் பத்தியிலேயே ‘பத்தமடை பாய்’ என்ற கீவேர்டு (தேடுகிறவர்கள் தட்டும் சொல்) மூன்று முறை வர வேண்டும், கட்டுரை முழுக்க நூறு சொல்லுக்கு மூன்று என்ற அடர்த்தி குறையக் கூடாது, எல்லாப் படங்களின் ஆல்ட் உரையிலும் (படத்துக்குப் பதிலாக நிரலில் எழுதிவைக்கும் விவரிப்பு) ‘பத்தமடை பாய், பத்தமடை பாய் விலை, பத்தமடை பாய் ஆன்லைன்’ என்று போட வேண்டும் என்றார். மாதிரிக்கு ஒரு பத்தியும் எழுதித் தந்தார்:

“பத்தமடை பாய் வாங்க விரும்புகிறீர்களா? பத்தமடை பாய் என்பது பத்தமடையில் தயாராகும் பாய் ஆகும். தரமான பத்தமடை பாய் குறைந்த விலையில் வேண்டுமென்றால் எங்கள் பத்தமடை பாய் கடைக்கு வாருங்கள்.”

பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “பாயை ஒருநாளும் பார்க்காதவர் எழுதியதா?” என்று கேட்டார். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்சப்பட்டால் தேடலில் காணாமல் போய்விடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. கீவேர்டும் இருக்க வேண்டும், படிக்கவும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் எப்படி எழுதுவது? ஆல்ட் உரையில் என்னதான் எழுதுவது?

அச்சுக்கூடம்:

தம்பி, உங்கள் பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இருந்தாலும் நாளிதழில் படக்குறிப்பு எழுதியே கண்ணாடியின் பவர் ஏறிய ஆள் என்பதால் கொஞ்சம் பேசுகிறேன்.

அந்த மூன்று சதவீதக் கணக்கு பழைய காலத்துச் சரக்கு. தேடுபொறிகள் ஒரு பக்கத்தில் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட நாட்களில் அது பலித்தது. பலித்ததனால்தான் ஊரே அதைச் செய்தது, ஊரே செய்ததனால்தான் அதற்கு மதிப்புப் போயிற்று. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒளித்துவைக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேகை வரிசைப்படுத்துவதற்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. சொற்களைத் திணிப்பது அதன் ஸ்பேம் கொள்கைகளில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்ட குற்றம். சுருட்டு வைக்கும் பெட்டி விற்கிறவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தப் பெட்டியின் பெயரையே சொல்லிச் சலிக்க வைப்பதாக ஒரு பத்தியை, இப்படி எழுதாதீர்கள் என்பதற்கு உதாரணமாகக் கூகுள் தன் வழிகாட்டியில் வெகுநாள் வைத்திருந்தது. உங்களுக்குக் கிடைத்த மாதிரிப் பத்தியில் பெட்டியை எடுத்துவிட்டுப் பாயைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ‘கோரை சொன்ன கதை’. நல்ல தலைப்பு, தீபாவளி மலருக்கு ஆகும். ஆனால் பாய் கறைபட்டுப் போய்க் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் ஒரு பெண் கைபேசியில் அப்படியா தட்டுவார்? ‘கோரைப் பாயில் கறை போக’ என்று தட்டுவார். அந்தச் சொற்கள் உங்கள் தலைப்பில் இல்லை, முதல் வாக்கியத்திலும் இல்லை. அப்புறம் தேடுபொறியைக் குற்றம் சொல்லி என்ன பயன்? திணிக்காதே என்பதற்குச் சொல்லாதே என்று பொருள் இல்லை.

கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, மக்கள் எந்தச் சொற்களைத் தட்டியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று பாருங்கள். காசு கேட்காத ஆலோசகர் அது ஒன்றுதான். கல்யாணப் பாயில் பெயர் நெய்து தருவார்களா, கோரைப் பாயைத் தண்ணீரில் கழுவலாமா, கைக்குழந்தைக்கு ஏற்றதா என்றெல்லாம் அங்கே கேள்விகள் கிடக்கும். ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை. தலைப்பில் அந்தக் கேள்வி, முதல் பத்தியில் நேரான விடை. கீவேர்டு தானாக வந்து உட்காரும்; கழுத்தைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதில்லை.

அந்த மாதிரிப் பத்தியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பத்தமடைப் பாயில் நெடுக்கே ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை கோரை. கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நயமாகப் பாய் வரும். நயம் பாயைத் துணிபோல மடிக்கலாம். முரட்டுப் பாயைச் சுருட்டத்தான் முடியும். விலை வித்தியாசத்துக்கு முதல் காரணம் இந்தக் கிழிப்புதான்.”

ஊர்ப் பெயர் ஒரே ஒருமுறை. ஆனால் கோரை, பாவு, ஊடை, நயம், விலை என்று பாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் புழங்கும் சொற்கள் எல்லாம் வந்துவிட்டன. உங்கள் பெரியம்மா வாயில் இந்தச் சொற்கள் நாள் முழுவதும் இருக்கும். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவுசெய்து, அதிலிருந்து எழுதிப் பாருங்கள்.

ஒற்றெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேடுகிறவர்கள் ‘பத்தமடை பாய்’ என்றுதான் தட்டுகிறார்கள், ஆகவே ‘ப்’ போடாதீர்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ‘பாயின்’, ‘பாயை’, ‘பாய்க்கு’ என்று வேற்றுமை உருபு ஏறினால் கீவேர்டு கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பயத்தில்தான் “பத்தமடை பாய் விலை பற்றி அறிய” போன்ற எலும்பில்லாத வாக்கியங்கள் பிறக்கின்றன. இரண்டு வகையாகவும் நீங்களே தேடிப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அதே பக்கங்கள்தான் வருகின்றன. பக்கத் தலைப்பில் ஒற்றில்லாமல் ஒருமுறை இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே தமிழாக எழுதுங்கள்.

இனி ஆல்ட். படக்குறிப்பு வேறு, ஆல்ட் வேறு. படத்தில் தெரியாததைச் சொல்வது படக்குறிப்பு: யார், எங்கே, எப்போது. படத்தில் தெரிவதைச் சொல்வது ஆல்ட், ஏனென்றால் அதைப் பார்க்க முடியாதவருக்கு அதுதான் படம். மாதிரிக்குச் சில:

“சிவப்புக் கரையும் பச்சைக் கோடுகளும் உள்ள கோரைப் பாய், சிமெண்டுத் தரையில் விரித்திருக்கிறது.”

“தரையோடு ஒட்டிய தறியில் அமர்ந்திருக்கும் பெண், நீண்ட குச்சியால் கோரையைப் பாவுக்குள் செலுத்துகிறார்.”

“நடுவில் மணமக்கள் பெயரும் திருமண நாளும் நெய்த கல்யாணப் பாய்.”

மூன்றும் மூன்று மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே ஆல்ட் என்றால் ஒரு படத்துக்கும் ஆல்ட் இல்லை.

செவிவழி:

அச்சுக்கூடம் ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் சண்டை போட வந்தேன்.

நான் பார்வையில்லாதவள். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கும் திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துகிறேன்: கைபேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ. (பின்னது பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது, இலவசம். நீங்களும் நிறுவி, திரையை அணைத்துவிட்டு உங்கள் கடையைச் சுற்றிப் பாருங்கள். எந்த ஆலோசகரும் தேவைப்படாது.) ஆல்ட் உரை முழுக்கக் கீவேர்டைக் கொட்டிய கடைகளில் எனக்குக் கேட்பது இதுதான்: “படம், பத்தமடை பாய், பத்தமடை பாய் விலை, பத்தமடை பாய் ஆன்லைன். படம், பத்தமடை பாய், பத்தமடை பாய் விலை…” பார்க்கிறவர்கள் கண்ணை நகர்த்தித் தாண்டிவிடுவீர்கள். நான் கேட்டு முடிக்க வேண்டும், அல்லது கடையை விட்டே போக வேண்டும். போய்விடுவேன்.

இப்போது சண்டை. “சிமெண்டுத் தரையில் விரித்திருக்கிறது” என்பது விற்பனைப் பக்கத்தில் எனக்கு எதற்கு? தரை விற்பனைக்கு இல்லையே. அங்கே நான் அறிய வேண்டியது: கரை எவ்வளவு அகலம், ஓரம் துணி வைத்துத் தைத்ததா, ஒருவர் படுக்கும் பாயா இருவர் படுக்கும் பாயா. அதே படத்தை நெசவு பற்றிய கட்டுரையில் போட்டால் கோடுகள் எப்படி மாறிமாறி வருகின்றன என்று சொல்லுங்கள். பாயை வீட்டில் எங்கே போடலாம் என்ற கட்டுரையில் என்றால் தரையைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள். படம் அந்த இடத்தில் எந்த வேலைக்கு வந்திருக்கிறதோ அதைத்தான் ஆல்ட் செய்ய வேண்டும்.

நிறத்தை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நிறம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்குவது கண் தெரிந்த மருமகளுக்கு.

இன்னும் சில. “படம்:” என்று தொடங்க வேண்டாம். திரைவாசிப்பான் அதை முன்பே சொல்லிவிடுகிறது. பத்திகளுக்கு நடுவே பூக்கோலம் போன்ற அலங்காரப் படம் இருந்தால் ஆல்டை வெறுமையாக, அதாவது இரட்டை மேற்கோளுக்குள் ஒன்றும் இல்லாமல், விடுங்கள், சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஆனால் ஆல்ட் என்ற பண்பையே எழுதாமல் விடுவது வேறு. அப்போது சில நேரம் கோப்பின் பெயரை வாசிக்கும்: “ஐ எம் ஜி அடிக்கோடு இரண்டு சுழியம்…” என்று. படத்தைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும் என்றால், அங்கே ஆல்ட்தான் இணைப்பின் பெயர். “கல்யாணப் பாய்கள்” என்று, போகும் இடத்தைச் சொல்லுங்கள்.

தமிழ்த் தளங்கள் அடிக்கடி கோட்டைவிடும் ஒன்றும் உண்டு. பக்கத்தின் மொழி ‘தமிழ்’ என்று நிரலில் குறித்திருக்கிறதா பாருங்கள். பல வார்ப்புருக்கள் ஆங்கிலம் என்றே வருகின்றன. அப்படியிருந்தால் ஆங்கிலக் குரல் உங்கள் தமிழைக் கையில் எடுத்துக்கொள்ளும்; சில குரல்கள் தமிழை அப்படியே விழுங்கிவிடும். அருமையாக ஆல்ட் எழுதியும் என் காதுக்கு வந்துசேராது.

நடைமுறை:

எல்லாம் சரி. ஆனால் தேடிப் பார்த்தால் மேலே வருகிற கடைகளில் பாதி திணித்துத்தான் வைத்திருக்கின்றன. அறம் பேசிக்கொண்டிருந்தால் பாய் விற்குமா?

அச்சுக்கூடம்:

மேலே இருப்பவர் திணித்ததனால் மேலே இருக்கிறாரா, திணித்தும் மேலே இருக்கிறாரா? பழைய தளமாக இருக்கலாம், பலர் இணைப்புக் கொடுத்திருக்கலாம், வேறு போட்டியே இல்லாமல் இருக்கலாம். தமிழில் பாயைக் கழுவுவது பற்றி ஒழுங்காக ஒரு பக்கம் எழுத ஆளில்லாத இடத்தில் ஒழுங்கற்ற பக்கம்தான் மேலே வரும். தம்பிக்கு அது நல்ல செய்தி, கெட்ட செய்தி அல்ல.

தவிர, அந்தக் கடைக்குப் போன ஆள் வாங்கினாரா என்பது தேடல் வரிசையில் தெரியாது. அங்கே விலை கேட்டு ஓடியவர்கள் எத்தனை பேரோ.

செவிவழி அம்மாவுக்கு: தரையை நீக்கிவிட்டேன். நாளிதழில் இருந்திருந்தால் திருத்தம் வெளியிட்டிருப்பேன்.

பாய்க்கடை:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. தலைப்பை மாற்றிவிட்டேன்: ‘கோரைப் பாயில் கறை, ஈரம், பூஞ்சை: என்ன செய்யலாம்?’ பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதியதில் ஊர்ப் பெயர் மிகக் குறைவாகத்தான் வருகிறது, ஆனாலும் பாய் நன்றாகத் தெரிகிறது. விற்பனைப் பக்கத்துப் படத்துக்கு இப்போது எழுதியிருப்பது: “ஒருவர் படுக்கும் கோரைப் பாய்; நான்கு விரல் அகலச் சிவப்புக் கரை, ஓரம் துணி வைத்துத் தைத்தது.” கீவேர்டு என்று எதையும் யோசிக்கவில்லை, பாதி தானாகவே வந்துவிட்டது.

இரண்டு சிக்கல்கள். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் ஊடகத் தொகுப்பில் எல்லா ஆல்டையும் மாற்றினேன். ஆனால் பழைய கட்டுரைகளில் பழைய உரையே நிற்கிறது. அடுத்து, கோப்புப் பெயர்களையும் கட்டுரை முகவரிகளையும் தமிழில் மாற்றட்டுமா?

செவிவழி:

முதல் சிக்கலுக்குச் சுருக்குவழி இல்லை, தம்பி. தொகுப்பில் மாற்றுவது இனிமேல் சேர்க்கும் படங்களுக்குத்தான் போகும். ஏற்கெனவே கட்டுரைக்குள் போட்ட படத்தில், போட்ட நாளில் இருந்த ஆல்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து மாற்றுங்கள். அதிகம் பேர் வரும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். இடம் பார்த்து ஆல்ட் மாற வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கும் இதுவே வசதி.

பழைய படங்களின் பெயரை மாற்றாதீர்கள். கோப்புப் பெயர் தேடுபொறிக்கு ஒரு சிறு குறிப்புதான். மாற்றினால் முகவரி உடைந்து படமே காணாமல் போகும் ஆபத்து பெரிது. புதிய படங்களுக்குக் காமிரா வைத்த எண்ணுக்குப் பதிலாக, சிறுகோடு இட்ட இரண்டு மூன்று சொல் போதும். கட்டுரை முகவரியைத் தமிழில் வைத்தால் தேடலுக்குப் பாதகம் இல்லை. ஆனால் அதை நகலெடுத்து அனுப்பும்போது பல இடங்களில் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக மாறிவிடும். மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் கொம்பு தனி; அப்படி ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘பாய்’ என்ற சொல்லே முப்பத்தாறு எழுத்து. வாட்ஸாப்பில் அது வந்து விழுந்தால் உங்கள் பெரியம்மாவே தொட மாட்டார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். ஏற்கெனவே வெளியானவற்றை மாற்றுவதாக இருந்தால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட மறக்காதீர்கள்.

கடையின் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்தச் சிவப்புக் கரைப் பாய் இருவர் படுக்கும் அளவில் இருக்கிறதா?