தட்டைத் தட்டினால் திரும்பினாள்

பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது. காலையில் வேன் ஏறும்வரை வாய் மூடுவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு ஒன்றேகால் வயதில், காது கேட்கவில்லையோ என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது. மாமியார் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவார், அவள் டக்கென்று திரும்புவாள், "பாத்தியா, காது நல்லாத்தான் கேக்குது, நீதான் கண்டதை நினைச்சுக் குழம்புற" என்பார். அவர் மேல் தப்பில்லை. தரை அதிர்ந்ததும் சுவரில் நிழல் ஆடியதும் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது, அது பிறகுதான் புரிந்தது. அவள் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினாராம், அந்தக் கதையும் அடிக்கடி வரும். நாங்கள் காட்டிய டாக்டரும் இரண்டு வயது வரை பார்க்கலாம் என்றார். அந்தப் "பார்க்கலாம்" எட்டு மாதத்தைத் தின்றது. நடுவில் ஒரு தீபாவளி. வாசலில் சரவெடி காது கிழிய வெடிக்கிறது, இவள் என் மடியில் அசையாமல் தூங்குகிறாள். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்டுக்கு முந்தின நாள் அதிகம் தூங்க விடாதீர்கள் என்றார்கள், மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி எடுத்தார்கள். இரண்டு காதிலும் 90 டெசிபலுக்கு மேல், அதாவது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பிறந்த குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடிகிற, காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓஏஈ என்று ஒரு பரிசோதனை உண்டு. ஒரு மாதத்துக்குள் அது, மூன்று மாதத்துக்குள் குறை என்னவென்று உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மிஷினும் பயிற்சியும், இதுதான் கணக்கு. எங்களுக்குப் பிரசவம் பார்த்த இடத்தில் அதைச் செய்யவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது.

முதலில் காது மிஷின், அதில் பலன் போதவில்லை. அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன், ஆறு வயதுக்குள் செய்துகொள்ள வேண்டும், இவளுக்கு இரண்டே முக்காலில் நடந்தது. காயம் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் கருவியை ஆன் செய்வார்கள். வீடியோக்களில் குழந்தை சிரிக்கும், அம்மா அழுவாள். எங்கள் வீட்டில் அவள் அலறிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்தாள். கருவி சத்தத்தைத்தான் தரும், அது பேச்சாக மாறுவது பயிற்சியில். தினமும் காலையில் என் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலி சொல்வேன், கேட்டால் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடுவாள். மற்ற பாடமெல்லாம் அடுக்களையில்தான். தக்காளி, நறுக்குறேன், சுடுது, ஊது. பைத்தியம் மாதிரி நாள் முழுக்கப் பேசினேன். கருவி ஆன் செய்த எட்டாவது மாதம் முதல் வார்த்தை வந்தது. அம்மா இல்லை, "வேணாம்". இட்லிக்குச் சொன்னது.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் பையன் 31 வாரத்தில் பிறந்தவன், 1.3 கிலோ. இன்குபேட்டரில் 38 நாள். வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனைக்குக் கட்டாயம் வரச் சொன்னார்கள், போனோம். வளர்ச்சியைப் பார்க்கவும் தேதி எழுதியிருந்தார்கள், எடைதான் ஏறுகிறதே என்று விட்டுவிட்டோம். ஐந்தாம் மாதத்தில் கை விரலைப் பிரிக்கவே மாட்டான், தூக்கினால் கால் இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்ளும். மருத்துவக் கல்லூரியில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சி, கண், காது எல்லாம் ஒரே இடத்தில். என்ன நோய் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், பிசியோ மேடம், "பேரு அப்புறம் வைக்கலாம் சார், வேலையை இன்னைக்கே ஆரம்பிப்போம்" என்றார். எங்கள் ஆயா எண்ணெய் தேய்ப்பதை மேடம் நிறுத்தச் சொல்வார் என்று பயந்தோம். சொல்லவில்லை. எண்ணெய் தேய்க்கும்போதே தொடையை எப்படி மெதுவாகப் பிரிப்பது, எந்த இடத்தில் இழுக்கக் கூடாது என்று ஆயா கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார். இப்போது மூன்று வயது, வாக்கர் பிடித்து நடக்கிறான்.

ஒன்று மட்டும். சிகிச்சை இலவசம்தான், வாரம் இரண்டு நாள், போக இரண்டு பஸ் வர இரண்டு பஸ். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், அந்த இரண்டு நாளும் வருமானம் கிடையாது. இலவசம் என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதலாம்.

* * *

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வண்டியில் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கும். அன்றைக்கென்று பார்த்துச் சில வீட்டில் பிள்ளையை மட்டும் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன தடவை நானே போய் ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன், பின்னாலேயே அவள் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். இப்போது அந்த இடையீட்டு மையத்துக்குப் போகிறார்கள். என்னிடம் இன்னும் பேசுவதில்லை.

* * *

டீச்சரம்மா, என் மாமியார் மட்டும் உங்கள் கையில் சிக்கியிருந்தால் எனக்கு எட்டு மாதம் மிச்சம்.

லோடு ஆட்டோ அண்ணா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பஸ் பாஸ் கேட்டீர்களா? பயிற்சிக்குப் போய்வர எங்களுக்குத் தந்தார்கள். அடையாள அட்டை, பயிற்சி மையத்தில் எழுதிக் கொடுத்த கடிதம், இரண்டுக்கும் நகல் வையுங்கள். போட்டோ நான்கு எடுத்துப் போங்கள், நான் இரண்டோடு போய்த் திரும்பி வந்தேன்.