புதுப்பிப்பு: சில பாக்கெட்டுகள் தப்பியதன் காரணம் தெரிந்துவிட்டது

லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ஒரு சொல்லைத் தேடும் விதி எழுதியும், அந்தச் சொல் உள்ள சில பாக்கெட்டுகள் (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலங்கள்) சிக்கவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உரைத் தேடலுக்கு ஒரு பொது இடைமுகம் இருக்கிறது. அல்காரிதத்தை (தேடும் முறையை) மட்டும் தனி மாட்யூலாகச் செருகிக்கொள்ளலாம். நான் போட்டிருந்தது பாயர்-மூர் அல்காரிதம் (விதியில் 'பிஎம்'). அது சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒப்பிடும். ஒரே பாக்கெட் நினைவகத்தில் துண்டு துண்டாகக் கிடந்து, சொல்லும் இரண்டு துண்டுகளில் பிரிந்துவிட்டால் அதற்குத் தெரியாது. கெர்னல் மூலநிரலின் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

விதியில் 'பிஎம்' என்பதைக் 'கேஎம்பி' ஆக்கினேன், அவ்வளவுதான். கேஎம்பி, அதாவது க்னூத்-மாரிஸ்-பிராட் அல்காரிதம், எதுவரை பொருந்தியது என்பதை அடுத்த துண்டுக்கும் கொண்டுபோகிறது. இப்போது எல்லாம் சிக்குகின்றன, ரொம்ப நிம்மதி!

அப்புறம் ஒன்று: இரண்டு தனித்தனிப் பாக்கெட்டுகளில் பிரிந்த சொல்லை இதுவும் பிடிக்காது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தேடல் புதிதாகத்தான் தொடங்கும்.