எப்ஐ பைக் ஏத்தத்துல சூடானதும் நின்னு போகுது: பம்ப் தானா, வேற ஏதாவதா?

தலவாக்கலை_150

2015 மாடல் 150 சிசி எப்ஐ பைக் (கார்புரேட்டர் இல்லாம, பம்ப் பிரஷர்ல இன்ஜெக்டர் பெற்றோலைப் பீச்சுற வகை), 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. தலவாக்கலையில இருந்து நானுஓயா வரைக்கும் ஒரு குறையும் இல்ல. அதுக்கு மேல நுவரெலியா ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல இழுக்கத் தொடங்கினா சக்தி கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. எக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இருமுது, கடைசியா நின்னுருது. 15, 20 நிமிஷம் ஓரமா விட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. இறக்கத்துல பிரச்சினையே இல்ல.

இன்ஜின் லைட் எரியல. பிளக், ஏர் பில்டர் ரெண்டும் புதுசு. பெட்டரி நிக்கும்போது 12.6 வோல்ட். டேங்கியில பெரும்பாலும் ரிசேர்வுக்குக் கிட்டத்தான் பெற்றோல் இருக்கும். கராஜ்ல பார்க்காமலே "பம்ப் போச்சு, முழு செட்டையும் மாத்தணும்"னு சொல்றாங்க. கம்பனி பம்ப் விலை கேட்டா தலை சுத்துது. வாங்குறதுக்கு முன்னால எதை எதைச் சோதிக்கலாம்? மல்டிமீட்டர் இருக்கு, பிரஷர் கேஜ் இல்ல.

ஸ்பேனர்_14

தம்பி, முதல்ல இது பெற்றோல் பக்கமா, கரண்ட் பக்கமான்னு பிரிச்சுக்குங்க. சூட்டுல நின்னு ஆறினதும் ஓடுற பைக்குன்னா பம்ப் மாதிரியே பிக்கப் கொயிலும் (இன்ஜின் சுத்துறதைப் பார்த்து பிளக்குக்கு நேரம் சொல்ற சென்சர்) சந்தேகத்துல வரும். பைக் கியர்ல உருண்டுக்கிட்டு இருக்கும்போதே ஆர்பிஎம் முள்ளு ஒரே அடியா பூச்சியத்துக்கு விழுந்தா அது பிக்கப் கொயில். முள்ளு வேகத்தோட சேர்ந்து மெதுவா இறங்கினா, இருமினா, பெற்றோல் பத்தல. நீங்க சொல்றது ரெண்டாவது வகை.

நின்ன அந்த இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனை ரெண்டு. ஒண்ணு, சாவியை நிப்பாட்டித் திரும்பப் போட்டு டேங்கியில காதை வச்சுக் கேளுங்க. 2, 3 செக்கன் "ங்ங்ங்"னு பம்ப் சுத்துற சத்தம் வரணும். சத்தமே இல்லேன்னா பியூஸ், ரிலே, கில் சுவிட்ச், பைக் விழுந்தா இன்ஜினை நிப்பாட்டுற டிப் ஓவர் சென்சர் எல்லாத்தையும் பார்க்கணும். சத்தம் கேட்டாலும் பம்ப் நல்லதுன்னு அர்த்தமில்ல. சுத்துறது வேற, பிரஷர் கட்டுறது வேற.

ரெண்டாவது, டேங்கி மூடியைத் திறங்க. "புஸ்"னு காத்து உள்ள இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனா மூடியில காத்து போற துளை அடைஞ்சிருக்கு. நம்ம பக்கத்து மழைக்கும் சேத்துக்கும் இது சாதாரணம். அதோட, மூடியைச் சுத்தித் தேங்குற மழைத்தண்ணி வடியுறதுக்கு டேங்கிக்குள்ளால ஒரு சின்னக் குழாய் கீழ இறங்கும். அது அடைஞ்சா தண்ணி மூடியைச் சுத்தி நின்னு, ரப்பர் பழசானா டேங்கிக்குள்ள இறங்கும். தண்ணி பெற்றோலை விட பாரம், அடியில போய் நிக்கும். பம்ப் உறிஞ்சுறதும் அடியிலதான். டேங்கி அடியில இருந்து அரைப் போத்தல் எடுத்து கண்ணாடிப் போத்தல்ல ஒரு மணித்தியாலம் வச்சுப் பாருங்க, தண்ணி இருந்தா கோடு கட்டித் தனியா தெரியும்.

ரிசேர்வ்ல ஓடுற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க. பம்பை ஆத்துறதே அதைச் சுத்தி இருக்கிற பெற்றோல்தான். செங்குத்து ஏத்தத்துல மிச்ச பெற்றோல் பின்னுக்குப் போயிரும், பம்ப் வாய் அதுக்கு முன்னால இருந்தா காத்தைத்தான் உறிஞ்சும். அரை டேங்கி போட்டு அதே ஏத்தத்துல ஏறிப் பாருங்க. செலவில்லாத சோதனை.

வயர்மேன்_ஹற்றன்

பெட்டரியில 12.6 இருக்குன்னா பம்புக்கும் அது போகுதுன்னு நினைக்காதீங்க. பத்து வருஷத்து வயர், கப்ளருக்குள்ள பச்சை பூத்த பின், துருப்பிடிச்ச ஏர்த் போல்ட் எல்லாம் நடுவுல வோல்டைத் தின்னும். சூடானா இன்னும் கூடத் தின்னும்.

சாவி போட்ட 2 செக்கன்ல மீட்டர் நிலைக்காது. இன்ஜின் ஓடும்போது அளக்கணும். பம்ப் கப்ளரைக் கழட்டாம, வயர் நுழையிற பின்பக்கத்தால குண்டூசியை பின்னைத் தொடுற வரைக்கும் நுழைங்க. மீட்டர் சிவப்பு பெட்டரி பிளஸ்ல, கறுப்பு பம்ப் பிளஸ்ல. வர்ற எண்தான் வழியில தொலைஞ்ச வோல்ட். அப்புறம் பம்ப் மைனஸுக்கும் பெட்டரி மைனஸுக்கும் நடுவுல அதே மாதிரி. ஒவ்வொரு பக்கமும் அரை வோல்டுக்கு மேல போனா வயரிங்கைத் தேடுங்க, பம்பைத் தொடாதீங்க. சில பைக்குகள்ல பிளஸ் நேரா வரும், மைனஸ் பக்கத்தை இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டரான ஈசியூதான் திறந்து மூடும். அதனால மைனஸ் வயரை பைக் சட்டத்துல தொட வச்சுச் சோதிக்கிறேன்னு போகாதீங்க, வயரிங் படம் பார்க்காம வேணாம்.

இன்னொண்ணும் அளங்க. பம்ப் லைன்ல அம்மீட்டர். பைக் குளிர்ல எத்தனை அம்பியர், நின்னு போகப்போற நேரத்துல எத்தனை அம்பியர். இந்த ரெண்டு எண்ணும் பிறகு தேவைப்படும்.

கேஜ்_கார்

மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா கேஜ் இல்லாம பம்பைப் பத்தித் தீர்ப்பு சொல்ல முடியாது. 0 முதல் 100 பிஎஸ்ஐ கேஜ் ஒண்ணும், பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல மாட்ட டீ ஜொயிண்ட் ஒண்ணும் போதும். ஹோஸ் எப்ஐ பிரஷருக்கு உரியதா இருக்கணும். ஹார்ட்வெயார் கடை வெள்ளைப் பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டா சூட்டுல கிளிப்புக்கு வெளிய பீறிட்டு சைலன்சர் மேல கொட்டும். கழட்டுறதுக்கு முன்னால பம்ப் கப்ளரைப் பிரிச்சுட்டு இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, லைன்ல உள்ள பிரஷர் இறங்கிரும். பிறகு பெட்டரி மைனஸைக் கழட்டுங்க. வேலையை வெளியில வச்சுச் செய்யுங்க, லயத்து இஸ்தோப்புல, அடுப்பு எரியிற பக்கத்துல வேணவே வேணாம். பெற்றோல் ஆவி தரையோட ஊர்ந்து போகும்.

எவ்வளவு வரணும்? யமஹாவோட பல சின்ன பைக்குகள்ல 250 கிலோபாஸ்கல், அதாவது 36 பிஎஸ்ஐ. ஹொண்டாவோட எப்ஐ பைக்குகள் பலதுல 294, சுமார் 43 பிஎஸ்ஐ. உங்க மாடலுக்கு சேர்விஸ் புத்தகத்துல போட்டிருக்கிறதுதான் முடிவு. இன்ஜின் நின்னதும் பிரஷர் உடனே பூச்சியத்துக்கு விழக்கூடாது. விழுந்தா பம்ப் பெற்றோலை வெளிய தள்ளுற வாய்ல உள்ள ஒருவழி வால்வோ, ஒழுகுற இன்ஜெக்டரோ.

ஏன் பிரஷர் இவ்வளவு முக்கியம்? இந்த பைக்குகள்ல பெற்றோல் பிரஷருக்கு சென்சர் கிடையாது. ஈசியூ இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெக்கன் திறக்கணும்னு மட்டும் கணக்குப் போடும், 36 பிஎஸ்ஐ இருக்குன்னு நம்பிக்கிட்டு. பிரஷர் 24க்கு இறங்கினா பெற்றோல் சுமார் 18 சதவீதம் குறையும். லைட் எரியாததுக்கும் இதுதான் காரணம். பம்ப் தள்ளுற பெற்றோல் அளவு பத்தாமப் போறது அபூர்வம்: லீட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுற பைக் மணிக்கு 60ல போனா நிமிஷத்துக்கு 22 மில்லிலீட்டர்தான் குடிக்கும், ஏத்தத்துல மூணு மடங்குன்னு வச்சாலும் 66. பம்ப் அதை விடப் பல மடங்கு தள்ளும், மிச்சம், பிரஷரை ஒரே அளவுல வைக்கிற ரெகுலேட்டர் வழியா டேங்கிக்கே திரும்பும். அப்படித் திரும்புற பெற்றோல் பம்போட சூட்டையும் சேர்த்துக் கொண்டுவரும். டேங்கியில 2 லீட்டர்தான் இருந்தா அரை மணித்தியாலத்துல அது வெதுவெதுன்னு ஆயிரும். கீழ இருந்து இன்ஜின் சூடு வேற.

குளிர் ஊர்ல பெற்றோல் கொதிக்குமான்னு கேப்பீங்க. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், கொழும்பை விட காத்தழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் உறிஞ்சுற பக்கம் அதை விடக் குறைவு. அடியில உள்ள நெட் பில்டர் அடைஞ்சிருந்தா அங்கேயே பெற்றோல் குமிழ் விடும், பம்ப் ஆவியை அடிச்சுக்கிட்டு கீச்சுனு கத்தும். ஆனா உயரத்துக்குப் போகப் போக வர்ற சாதாரண சோர்வை பம்ப் மேல போடாதீங்க. காத்து மெலிஞ்சா எந்த இன்ஜினுக்கும் இழுவை குறையும், எப்ஐ கலவையை மட்டும்தான் சரிக்கட்டும். நின்னு போறதுதான் நோய்.

தலவாக்கலை_150

நன்றி அண்ணே எல்லாருக்கும். மூடித் துளை சுத்தம், தண்ணி இல்ல. அரை டேங்கி போட்டா முன்ன விட கொஞ்சம் தூரம் கூட ஏறுது, ஆனா நிக்குது. கேஜ் இரவல் கிடைச்சது. எண்கள் இது:

குளிர்ல 36 பிஎஸ்ஐ, 3.1 அம்பியர். நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால 24 பிஎஸ்ஐ, 2.2 அம்பியர். வோல்ட் தொலையிறது பிளஸ்ல 0.3, மைனஸ்ல 0.1. நிக்கப்போற நேரம் பம்ப் சத்தம் மெல்லிசா, கீச்சுக் குரலா மாறுது.

கேஜ்_கார்

அழகான எண்கள். வயரிங் நல்லது. பிரஷரும் அம்பியரும் சேர்ந்து இறங்கினா பம்புக்குப் பாரம் இல்ல, சும்மா சுத்துதுன்னு அர்த்தம். அப்படின்னா காரணம் மூணுல ஒண்ணு: நெட் பில்டர் அடைப்பு, டேங்கிக்குள்ள ஹோஸ் வெடிப்பு, திறந்தபடி மாட்டிக்கிட்ட ரெகுலேட்டர். பிரஷர் இறங்கி அம்பியர் ஏறியிருந்தா கதை வேற, பம்ப் மோட்டர் இறுகியிருக்கும், இல்லேன்னா பம்புக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவுல உள்ள பில்டர் அடைஞ்சிருக்கும்.

பம்ப் செட்டைக் கழட்டுங்க. போல்ட்டுகளை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. வெளிய எடுக்கும்போது மிதவைக் கம்பி வளையாமச் சரிச்சு எடுக்கணும், வளைஞ்சா பெற்றோல் மீட்டர் பொய் சொல்லும். நெட் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ இருக்கணும். கோப்பி நிறத்துல வழுவழுன்னு இருந்தா அடைப்பு. விரலால தேய்ச்சா சிவப்புத் தூள் வந்தா டேங்கி துரு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுல மாசக்கணக்கா வெறுமையா நின்ன டேங்கிகள்ல இது கூட. துரு இருந்தா டேங்கியைச் சுத்தம் பண்ணாம புது நெட் போட்டுப் பிரயோசனமில்ல. ஹோஸை மட்டும் கண்ணால பார்த்து விட்டுராதீங்க, கிளிப்பைக் கழட்டி வளைச்சுப் பாருங்க.

தலவாக்கலை_150

நெட் கோப்பி நிறம்தான், ஆனா துருத் தூள் இல்ல. ஹோஸை வளைச்சா கிளிப்புக்கு அடியில நகக்கண் அளவு ஒரு வெடிப்பு வாயைத் திறக்குது. நேரா இருக்கும்போது தெரியவே இல்ல. இதுக்கு 92 பெற்றோல் லைனுக்குப் போடுற சாதாரண ஹோஸ் போடலாமா? கொழும்பு பஞ்சிகாவத்தையில முழு பம்ப் செட்டே மலிவா கிடைக்குதுன்னு ஒருத்தர் சொல்றார்.

ஸ்பேனர்_14

சாதாரண ஹோஸ் வேணாம். அது உள்பக்கம் மட்டும்தான் பெற்றோலுக்குச் செஞ்சது. முழுசா முங்கிக் கிடந்தா வெளித்தோல் ஊதி மெத்துன்னு ஆகி, சில மாசத்துல அதே இடத்துல கிழியும். மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்10 னு அச்சடிச்சிருக்கிற, டேங்கிக்குள்ள முங்குறதுக்குரிய ஹோஸைக் கேளுங்க. பழைய துண்டையே கொண்டு போங்க, நீளமும் உள்விட்டமும் அதே அளவுக்கு வெட்டணும். நீளம் கூடினா மடிஞ்சு அடைக்கும், குறைஞ்சா பம்ப் மேல இழுபட்டு நெட் அடியைத் தொடாது. முறுக்கிற பல்லுக் கிளிப் ஹோஸை வெட்டும், சுத்தி ஒரே அளவா இறுக்கிற எப்ஐ கிளிப் போடுங்க.

மலிவு செட்டுல எனக்குள்ள பிணக்கு பம்ப்ல இல்ல, ரெகுலேட்டர்ல. 36க்கு உரிய பைக்குக்கு 43 ரெகுலேட்டரோட வர்ற செட்டைப் போட்டா கறுப்புப் புகை, பிளக் கரி, எண்ணெய்ல பெற்றோல் வாசம். வாங்கித்தான் ஆகணும்னா கேஜ்ல மாட்டிப் பார்த்துட்டு டேங்கியை மூடுங்க. உங்களுக்கு அது தேவையில்ல. நெட், ஹோஸ், கிளிப் ரெண்டு, பம்ப் அடி ரப்பர் சீல் ஒண்ணு, இவ்வளவும் போதும். பழைய சீல் பெற்றோல்ல ஊதியிருக்கும், காடிக்குள்ள திரும்ப உக்காராது, வம்புக்குத் திணிச்சா போல்ட்டுக்கு அடியில கடிபட்டு இன்ஜின் மேல சொட்டும். மூடினதும் ஸ்டார்ட் பண்ணாம சாவியை மூணு, நாலு தடவை போட்டு நிப்பாட்டி லைனை நிரப்புங்க, சீலைச் சுத்தி வெள்ளைக் கடதாசி ஒத்திப் பாருங்க. ஈரம் இல்லேன்னா கேஜை மாட்டினபடியே நானுஓயாவுக்கு மேல ஒரு தடவை ஏறிட்டு எண்ணைப் போடுங்க.