கோல்கம்பம் எப்போது பின்னால் போனது?

கேள்வி: பழைய என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டங்களில் கம்பம் கோல்கோட்டிலேயே நிற்கிறது. ஓடிவரும் வீரர்கள் மோதிக்கொள்வார்களே! எப்போது மாற்றினார்கள்?

பதில்: 1974-இல். ஃபீல்ட் கோல்கள் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தி எடுக்கும் புள்ளிகள்) மலிந்துபோனதால் 10 கஜம் பின்னால் தள்ளினார்கள். 1933 முதல் முன்னால்தான் இருந்தது.

இன்னொருவர்: உதையையும் பாருங்கள். 1964 வரை எல்லாரும் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால் உதைத்தார்கள். அந்த ஆண்டு பஃபலோ பில்ஸ் அணிக்கு வந்த பீட் கோகோலாக், பக்கவாட்டில் வந்து புறங்காலால் உதைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் இதுதான். டாம் டெம்ப்சி 1970-இல் அடித்த 63 கஜ ஃபீல்ட் கோல் பழைய நேர் உதை.

கேள்வி கேட்டவர்: அப்போது கம்பம் முன்னால்தானே?

இன்னொருவர்: ஆமாம். அதனால் தன் அணிப் பக்கத்து 37 கஜக் கோட்டிலிருந்து உதைத்தார். இன்று கம்பம் 10 கஜம் பின்னால் இருப்பதால், அதே தூரத்துக்கு 47 கஜக் கோட்டில் நின்றால் போதும்.