மிக்சர் ஐ.எஃப். முனையில் 50 ஓமா, கெப்பாசிட்டரா?

நாங்குநேரிக்காரன்:
அண்ணாச்சிமாரே, இரண்டு ஆசிலேட்டர்களின் அலைவெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: ஜி.பி.எஸ்.ஸில் பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ஒரு பக்கம், அதிலிருந்து 10 ஹெர்ட்ஸ் தள்ளி வைத்த ஓ.சி.எக்ஸ்.ஓ. (சூடு மாறாத கூட்டுக்குள் வைத்த படிக ஆசிலேட்டர்) மறுபக்கம், நடுவில் இரண்டு அலைகளையும் கலக்கும் எஸ்.பி.எல்-1 மிக்சர். வருகிற 10 ஹெர்ட்ஸ் பீட்டை, அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாச அலையை, நேரம் அளக்கும் கவுண்டரில் பார்க்கிறேன். அந்த அலை வெளிவரும் ஐ.எஃப். முனையில் 50 ஓம் மின்தடை போடு என்கிறார் ஒருவர், கெப்பாசிட்டர் மட்டும் போதும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது? இருப்பது விஜயநாராயணம் பக்கம், இங்குள்ள கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையையும் யோசிக்க வேண்டுமா?

பாளை ரேடியோ:
தம்பி, வெறும் 50 ஓம் போட்டால் மிக்சரில் பீட்டோடு சேர்ந்து வரும் 20 மெகாஹெர்ட்ஸ் கூட்டு அலை ஒழுங்காக அடங்கும், ஆனால் உனக்கு வேண்டிய பீட்டும் சேர்ந்து படுத்துவிடும். அந்த 50 ஓமுக்குத் தொடராக 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து கிரவுண்டுக்கு இறக்கு. 20 மெகாஹெர்ட்ஸில் அது 1 ஓம்கூட வராது, 10 ஹெர்ட்ஸிலோ 15 லட்சம் ஓமுக்கு மேல். அப்புறம் ஒரு சோக் (உயர் அலைவெண்ணைத் தடுக்கும் கம்பிச்சுருள்), 100 ஹெர்ட்ஸுக்கு மேல் வருவதை அடக்க ஒரு ஆர்.சி. ஃபில்டர் (மின்தடையும் கெப்பாசிட்டரும்). 18.2 கிலோஹெர்ட்ஸ் அதிலேயே பெருமளவு அடங்கிவிடும், ஃபில்டருக்குப் பின்னால் வயரை மட்டும் நீளமாக விடாதே.

தாமிரபரணி73:
அண்ணாச்சி சொன்னது பத்திரமான வழி. ஆனால் அலைவெண் ஒப்பீட்டில் பீட்டு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் (கவுண்டர் நேரம் குறிப்பது அங்கேதான்) சரிவு எவ்வளவு செங்குத்து என்பதுதான் காசு. உச்சம் 0.3 வோல்ட் என்றால் சரிவு நொடிக்கு 19 வோல்ட் அளவு, 20 மைக்ரோவோல்ட் இரைச்சலே 1 மைக்ரோவிநாடி ஆட்டம். 10 மெகாஹெர்ட்ஸ் 10 ஹெர்ட்ஸாக இறங்கியதால் நேர வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு பெரிதாகத் தெரிகிறது; பத்து லட்சத்தால் வகுத்தால் உண்மையில் 1 பிக்கோவிநாடி. கெப்பாசிட்டரை மட்டும் போட்டால் பீட்டு முக்கோணம் மாதிரி ஆகி சரிவு கூடும், அமெரிக்காவின் அன்றைய அளவைத்தர நிறுவனமான என்.பி.எஸ். ஆட்கள் 1976-லேயே எழுதியதுதான். கூட்டு அலை திரும்பி மிக்சருக்குள்ளேயே அடிக்கும் என்பதால் இரண்டு உள்ளீட்டிலும் 3 டெசிபல் அட்டென்யுவேட்டர் (அலையின் பலத்தைக் குறைக்கும் துண்டு) இல்லாமல் இதைத் தொடாதே. ஆசிலேட்டர்கள் ஒன்றையொன்று இழுக்காமல் இருக்கவும் அது கொஞ்சம் உதவும்.

பாளை ரேடியோ:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் ரெண்டு பேருமே கெப்பாசிட்டரின் ரகத்தைச் சொல்லவில்லையே! 100 ஹெர்ட்ஸ் ஆர்.சி.யின் தாமதம் 1.6 மில்லிவிநாடி. அதில் கெப்பாசிட்டரின் மதிப்பு 1 சதவீதம் நகர்ந்தால் 16 மைக்ரோவிநாடி, அதாவது உன் அளவீட்டில் 16 பிக்கோவிநாடி. நம்மூர் சித்திரை வெயிலில் மாடியறையில் எக்ஸ்7ஆர் ரக செராமிக் கெப்பாசிட்டர் அதைவிட அதிகமாகவே நகரலாம். பாலிப்ரொப்பிலீன் போடு, டப்பாவை மூடி வை. மிக்சரை ஒட்டிய 10 நானோஃபாரட் சாதா செராமிக்காக இருந்தாலும் பாதகமில்லை.