மறு: முன்னாள் வீரரின் மூளைநோய்க்கு என்ன பேர்?

எல்லோருக்கும் வணக்கம்.

தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்குப் பல வருடம் கழித்து வரும் மூளைநோய்க்கு, ஆங்கிலத்தில் chronic traumatic encephalopathy (CTE) என்பதற்கு, நமது சொற்பட்டியலுக்குத் தமிழ்ப் பேர் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் வாசித்தேன்: நாட்பட்ட அதிர்ச்சி மூளைநோய், குத்துமூளை நோய், வெறிமூளைச் சிதைவு. மூன்றாவதைத் தயவுசெய்து இப்போதே தள்ளிவிடுவோம். நோயின் பேருக்குள்ளேயே வெறியை வைத்துவிட்டால், அந்த நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் ஒவ்வொருவரையும் ஊர் கொலைகாரனாகத்தான் பார்க்கும். மறதியும் மனச்சோர்வும் மட்டும் வந்து யாருக்கும் தீங்கு செய்யாமல் செத்துப்போனவர்களும் அதில் அடக்கம்.

இந்தப் பேச்சைத் தொடக்கிவைத்த பிலிப் அடம்ஸ் செய்தியையே எடுங்கள். அமெரிக்க உதைபந்தாட்டத்தின் (பந்தைக் கையில் பிடித்து ஓடி, ஆளோடு ஆள் மோதும் ஆட்டம்) முன்னாள் தொழில்முறை வீரர், 32 வயது, 2021 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில், மூளையைப் பரிசோதித்த பொஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மக்கீ, நோய் நான்கு படிகளில் இரண்டாம் படியில் இருந்தது, முன்மடல்கள் இரண்டிலும் வழமையைவிடக் கடுமையாக இருந்தது என்றார். முன்மடல்தான் கோபத்துக்குக் கடிவாளம் என்பதால் இது கனமான செய்திதான். ஆனாலும் நோய் இருந்தது என்பது ஒன்று, நோய்தான் துவக்கைத் தூக்க வைத்தது என்பது வேறொன்று. அதே குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க உதைபந்தாட்டத்தின் NFL என்ற தொழில்முறை லீக்கில் ஆடியவர்களின் 111 மூளைகளில் 110இல் இந்த நோய் இருந்தது. பெரும்பாலும் சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை, அதனால் எல்லா வீரர்களுக்கும் அந்தக் கணக்கைப் போட முடியாது. ஆனால் அந்த 110 பேரில் எத்தனை பேர் கொலை செய்தார்கள் என்று யோசித்தாலே பேரில் வெறி ஏன் கூடாது என்பது விளங்கும்.

குத்துமூளை நோய் என்ற பேர் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விளையாட்டைப் பேரில் கட்டிவைத்ததால் வந்த கெடுதலை ஏற்கெனவே பார்த்தாயிற்று. மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இல் குத்துச்சண்டைக்காரரிடம் இதை விவரித்தார். அதன்பிறகு வந்த பேர்களும் பெரும்பாலும் குத்துச்சண்டையையே சுற்றிக்கொண்டிருந்தன. மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க உதைபந்தாட்ட வீரரின் மூளையில் இதைக் கண்டு பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் எழுதியது 2005இல். இடையில் போன அத்தனை பத்தாண்டுகளுக்கும் பேரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இங்கே யாழ்ப்பாணத்தில் குத்துச்சண்டையைவிட உதைபந்தாட்டம்தான் (அமெரிக்க ஆட்டம் அல்ல, காலால் உதைக்கும் நம் ஆட்டம்) எல்லாம், மாலையானால் பெடியள் பந்தைத் தலையால் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர்களைப் பார்த்த 2019 ஆய்வில், மூளை நலிவு நோய்களால் இறப்பது மற்றவர்களோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றரை மடங்காக இருந்தது. "குத்து" என்று பேர் வைத்தால் இவர்களுடைய தாய் தகப்பன் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதிர்ச்சி என்பதில் எனக்கு வேறு பயம். போருக்குப் பிறகு இங்கே அதிர்ச்சி என்றாலே ஷெல்லடியும் இழப்பும் மனவடுவும்தான் நினைவுக்கு வரும், மண்டையில் விழுந்த அடி வராது. அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், அதனாலேயே பிரித்துச் சொல்லக்கூடிய சொல் வேண்டும். தாக்கம் என்றாலோ விளைவு என்ற பொருளில்தான் பத்திரிகை முழுக்க ஓடுகிறது. இந்தக் குழுவில் மதுரை ஐயா சொன்ன "சிதைவு" மனச்சிதைவோடு (ஸ்கிசோஃப்ரினியா) குழம்பும், அது முற்றிலும் வேறு நோய்.

என்னுடைய பரிந்துரை: தொடரடி மூளைநலிவு. சனம் "தலையில அடிபட்டது" என்றுதான் சொல்கிறது, அடி என்றால் வேண்டுமென்று அடித்ததும் தற்செயலாகப் பட்டதும் இரண்டும் அடங்கும். ஒரு பெரிய அடியைவிட, மயக்கம்கூட வராத சிறு அடிகள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுவதுதான் இங்கே முக்கியம், அதற்குத் "தொடர்" பொருந்தும். நலிவு என்றால் மெல்ல மெல்ல என்பதும் தானாக வந்துவிடுகிறது, நாட்பட்ட என்று தனியாக எழுதத் தேவையில்லை.

ஆனால் இந்தச் சொல் இறந்தபின் நுண்காட்டியில் பார்த்து உறுதிசெய்யும் நோய்க்கு மட்டும்தான் இருக்க வேண்டும். மூளை மடிப்புகளின் அடியில், சின்னச் சின்ன இரத்தக்குழாய்களைச் சுற்றி டௌ (tau) என்ற புரதம் படிந்திருப்பதைக் கண்டால்தான் அது உறுதி. உயிரோடிருக்கும் ஆளின் குணமாற்றத்துக்கு வேறு சொல் வேண்டும். நான் நடத்தைக் கட்டுக்குலைவு என்று எழுதிப் பார்த்தேன். காரணத்தைப் பற்றி எதுவும் சொல்லாத சொல் அது, அதற்காகவே பிடித்திருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், "ஆள் திடீரென்று மாறிவிட்டார்" என்று சனம் சொல்லும்போது வரும் அந்தத் "திடீர்" என்ற சொல்தான். இந்த நோய் ஒரே கிழமையில் ஆளை மாற்றாது. வெளியாருக்குத் திடீர், வீட்டிலிருப்பவருக்கு வருடக்கணக்கான சினமும் மறதியும். உண்மையிலேயே சில நாட்களில் ஒருவர் ஆளே மாறிப்போனால் வேறு காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும். சின்ன அடிக்குப் பிறகு மூளையின் உறைக்குக் கீழே மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் கட்டும் இரத்தம், முன்மடலை அழுத்தும் கட்டி, மூளையழற்சி, வலிப்புக்குப் பிந்திய குழப்பம், சர்க்கரை இறங்குவது, உடம்பை முறுக்கேற்றப் போடும் ஸ்டெரொயிட் ஊசி, மது, மதுவைத் திடீரென்று நிறுத்துவது. இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு, இரத்தக்கட்டை எடுத்தால் பழைய ஆளாகத் திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். நோயெதிர்ப்பு தன் மூளையையே தாக்கும் ஒருவகை மூளையழற்சியை 2007இல்தான் தெளிவாக விவரித்தார்கள், அதுவரை எத்தனை பேரை விசர் என்று கட்டிவைத்தோமோ. முன்னாள் வீரர் என்றவுடன் "ஓ, தொடரடி மூளைநலிவு, ஒன்றும் செய்ய ஏலாது" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஸ்கான் எடுக்கும் வாய்ப்பே போய்விடும். நாங்கள் போடும் சொல்லே அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

ஆகவே இரண்டு சொல், இரண்டு தனிப் பதிவு. நடத்தைக் கட்டுக்குலைவு என்ற பதிவின் கீழே மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் வர வேண்டும், தொடரடி மூளைநலிவு அவற்றில் ஒன்றாக மட்டும். கட்டுக்குலைவு நீளம் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள், ஆனால் "வெறி", "மூர்க்கம்" இரண்டும் வேண்டாம். அப்புறம், டௌ என்று எழுதுவதா டோ என்று எழுதுவதா என்பதையும் முடிவுசெய்ய வேண்டும், தமிழ்நாட்டு நண்பர்கள் எப்படி எழுதுகிறீர்கள்?