டாக்குமென்டாக அனுப்பும் போட்டோவோடு வீட்டு முகவரியும் போகிறது: உங்கள் அனுபவம்?

தம்பிக்கு வரன் பார்க்கிறோம், தரகர்கள் மூலம் ஜாதகமும் போட்டோவும் வந்தபடி இருக்கும். போன மாதம் ஒரு பெண்ணின் போட்டோ வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக வந்தது, கிளாரிட்டி குறையக்கூடாது என்று அப்படி அனுப்பியிருக்கிறார்கள். கேலரியில் திறந்து விவரங்களைப் பார்த்தால் எடுத்த தேதி, நேரம், போன் மாடல், கீழே மேப். பெரிதாக்கினால் தெரு தெரிகிறது, அந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் தெரிகிறது. மொட்டை மாடியில் எடுத்த படம், ஜிபிஎஸ் நன்றாகவே பிடித்திருக்கிறது. பெண்ணின் அம்மாவை அழைத்துச் சொன்னேன். "ஜாதகத்துல ஊர் பேரு மட்டும்தானேம்மா போட்டோம்" என்று பதறிவிட்டார். அதற்குள் அந்தப் படம் எத்தனை பேர் கைக்குப் போயிருக்குமோ.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும். டாக்குமென்டாகவோ மெயிலிலோ அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பெண்பிள்ளை போட்டோ அனுப்புகிற எல்லா வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

—

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. 2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி, அந்த ஆன்டிவைரஸ்காரர்தான், பெலிஸ் நாட்டுப் போலீஸ் விசாரணைக்குத் தேட, தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் ஐபோனில் எடுத்த படம் ஒன்றை இணையத்தில் போட்டார்கள், அதற்குள் இருந்த ஜிபிஎஸ் எண்கள் அவர் பக்கத்து நாடான குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. சில நாளில் அங்கேயே கைதானார்.

ஐபோனில் ஷேர் அழுத்தியதும் மேலே 'ஆப்ஷன்ஸ்' வரும், அதில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். இடம் மட்டும்தான் நீங்கும், தேதியும் மாடலும் அப்படியே இருக்கும். எல்லாம் நீங்கவேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் நல்லது. கேமரா செட்டிங்கில் லொகேஷனை இன்றைக்கு அணைத்தால் இனி எடுக்கும் படங்களுக்குத்தான் பலன், கேலரியில் ஏற்கெனவே கிடப்பவற்றில் இடம் அப்படியேதான் இருக்கும்.

—

எங்கள் ஊரில் ஆற்று மணல் திருட்டைப் பற்றிப் பெயர் போடாமல் மெயிலில் புகார் அனுப்பலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் படங்களோடு வந்தார். லாரி நிற்கும் படங்களில் இடமும் நேரமும் இருந்தால்தான் புகாருக்கே பலம், அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு படம் அவர் வீட்டு மாடியிலிருந்து எடுத்தது. புகார் யார் கைக்குப் போய் யாரிடம் திரும்பும் என்று நமக்குத் தெரியாது இல்லையா, அதனால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். மற்றவற்றில் போன் மாடல் உட்பட எல்லாவற்றையும் நீக்கிய நகல்களை அனுப்பி, இடத்தையும் நேரத்தையும் கடிதத்தில் எழுதினோம். அசல் படங்களைத் தொடவே இல்லை, பென்டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்கு வழக்கு என்று வந்தால் அவைதான் வேண்டும். விண்டோஸில் படத்தின் ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனால் விவரம் நீக்கிய நகலை அதுவே எடுத்துத் தரும், தனியாக எதுவும் இறக்கத் தேவையில்லை.